அப்ஜெக்ஷன் அண்ணனும் பாதி பஸ்ஸும்

பினாங்குத் தீவில் இரண்டு பேர் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனால், மூன்றாவது ஆளாக வந்து நின்று அதைக் கெடுக்கும் திறமை ஒரே ஒரு மனிதருக்குத்தான் இருந்தது. அவர் எங்கள் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தார். சூரியன் கிழக்கில் உதிக்கிறது என்று தீர்மானம் போட்டால்கூட, "முன்மொழிஞ்சது யாரு, வழிமொழிஞ்சது யாரு?" என்று கேட்டுவிட்டு எதிர்த்து ஓட்டுப் போடுவார். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். எங்களுக்கு அவர் அப்ஜெக்ஷன் அண்ணே.

தன் நிச்சயதார்த்தத்தையே நிறுத்திவைத்த மனிதர் அவர். தட்டு மாற்றுகிற நேரத்தில் மாப்பிள்ளையே கையைத் தூக்கி, "பொண்ணக் கேட்டீங்களா?" என்றாராம். பெரியவர்கள் முழித்துவிட்டு உள்ளே போய்க் கேட்டார்கள். பெண் சரி என்றுவிட்டது. "அன்னைக்கு எனக்கு நல்ல சான்ஸ் குடுத்தாரு, நான்தான் விட்டுட்டேன்" என்று அந்த அண்ணி இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அவருக்கு உலகத்திலேயே பிடிக்காத இரண்டு சொற்கள் 'கூராங் மானிஸ்'. சீனி குறைத்துப் போட்ட தேயை, அதாவது தேநீரை, நாங்கள் அப்படித்தான் கேட்போம். டாக்டர் பயமுறுத்தி வைத்திருப்பதால் நான் குடிப்பது அதுதான். லிட்டில் இந்தியா மூலையில் தமிழ் முஸ்லிம் பாய் நடத்தும் மாமாக் கடையில் நான் அதைச் சொல்லும்போதெல்லாம் அவருக்கு மூக்கு விடைக்கும்.

"சீனி போட்டா போடு, போடாட்டி போடாத. அது என்னடா நடுவுல? உன்ன மாதிரி ஆளுங்களாலதான் நாடு இப்படிக் கெடக்கு."

அரைக் கரண்டி சீனியால் ஒரு நாட்டைக் கெடுத்த பெருமை எனக்கு உண்டு.

நான் அக்கரையில், பட்டர்வொர்த் பக்கம் மாக் மண்டினில், டப்பா மூடி செய்கிற அந்தத் தொழிற்சாலையில் ஸ்டோர் கிளார்க். சங்கத்துக்குச் செயலாளரும் நான்தான். தேர்தல் அன்றைக்குத் தாமதமாகப் போனேன். மறுத்துப் பேச நான் அங்கே இல்லை என்பதால் ஏகமனதாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். ஏகமனதாக என்றால், அவரைத் தவிர. "இவன் கையெழுத்து புரியாது" என்று அப்ஜெக்ஷன் சொன்னாராம். அதில் மட்டும் நியாயம் இருந்தது.

தலைவி கமலா அக்கா, பேக்கிங் பகுதி. பொறுமைசாலி. ஆனால் எங்கள் கூட்டங்களுக்கு அந்தப் பொறுமையும் போதவில்லை. போன கூட்டத்தின் குறிப்பைப் படித்தால் அப்ஜெக்ஷன். குறிப்பில் அவருடைய அப்ஜெக்ஷன் இருந்தால், அவர் சொன்ன காரத்தோடு எழுதவில்லை என்று அப்ஜெக்ஷன். கரிப்பாப் பலகாரம் வாங்கி வந்தால், உள்ளே சர்டீன் மீன் வைத்ததை வாங்க யார் முடிவெடுத்தது என்று அப்ஜெக்ஷன். அதைச் சொல்லிக்கொண்டே மூன்று கரிப்பாப் சாப்பிட்டுவிடுவார்.

அப்போதுதான் பஸ் பிரச்சினை வந்தது. தீவிலிருந்து ஃபெரியில் அக்கரை போகும் எங்களை, பட்டர்வொர்த் படகுத்துறை ஜெட்டியிலிருந்து கம்பெனி பஸ் ஏற்றிப் போகும், சாயங்காலம் கொண்டுவந்து விடும். செலவு என்று சொல்லி ஒருநாள் அதை நிறுத்திவிட்டார்கள். பேக்கிங் பெண்கள்தான் திண்டாடிப் போனார்கள். கம்பெனியோடு பேசலாம் என்றால், முதலில் அவர்கள் எங்கள் சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும். அதற்குத் தொழிலாளர்கள் ரகசிய ஓட்டுப் போட்டுப் பெரும்பான்மை காட்ட வேண்டும்.

அந்தச் சமயத்தில் பார்த்து நாடாளுமன்றத்தில் தொழிற்சங்கச் சட்டத்தைத் திருத்தினார்கள். முதலாளிகளும் பயந்தார்கள், சங்கங்களும் பயந்தன. அரசாங்கம் நடுவில் நின்று ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தது. இனி ஒரே இடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட சங்கம் வைத்துக்கொள்ளலாம். ஆனால் முதலாளியோடு பேசும் உரிமை ஒரே சங்கத்துக்குத்தான், அது எது என்று ஓட்டுப் போட்டு முடிவு பண்ணிக்கொள்ள வேண்டும்.

அப்ஜெக்ஷன் அண்ணே ஃபெரியில் வைத்து அந்தச் சட்டத்தைக் கிழித்தார்.

"இது சட்டமாடா? கூராங் மானிஸ் சட்டம். சங்கத்த ரெண்டா ஒடைக்கிறதுக்குன்னே போட்டிருக்கானுங்க."

ஃபெரி கரை சேர்ந்தது, மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் இறங்கின, அவருடைய மோட்டார் மட்டும் பேச்சு முடியாமல் நின்றது. ஃபெரி ஊழியர் விசில் ஊதினார். அந்த விசிலுக்கும் ஒரு அப்ஜெக்ஷன் விழுந்தது.

அடுத்த கூட்டத்தில் கமலா அக்கா ஒரு யோசனை சொன்னார். காலை பஸ் மட்டும் என்றால் யோசிக்கலாம் என்று ஹெச்.ஆர். மேடம் காதோடு காதாகச் சொல்லியிருக்கிறார். முதலில் அதைக் கேட்டு வாங்குவோம், மீதியைப் பிறகு பார்ப்போம்.

"அப்ஜெக்ஷன். போறதுக்கு பஸ்ஸு, வர்றதுக்குக் காலா? பாதி பஸ் எந்த ஊர்ல ஓடுது, காட்டு."

வழக்கம்போல எல்லோரும் தலையைக் குனிந்து போனைப் பார்த்தோம். ஓட்டெடுப்பில் அவர் ஒருவர்தான் எதிர்ப்பு. எழுந்து வெளியே போனார். மறுநாள் காலையில் புதுச் சங்கத்துக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அந்தச் சட்டம் அநியாயம்னு நீங்கதானே சொன்னீங்க?"

"இப்பவும் அநியாயம்தான். ஆனா போட்ட சட்டத்த யூஸ் பண்ணாம விட்டா, அது சட்டத்துக்கு மரியாத இல்ல."

சங்கம் தொடங்க ஏழு பேர் வேண்டும். லோடிங் பகுதியில் ஆறு பேரைப் பிடித்தார். அந்த ஆறு பேரும் அவர் என்ன சொன்னாலும் தலையாட்டினார்கள். அங்கேதான் மனிதர் உடைந்துபோனார். எதிர்ப்பே இல்லாமல் ஒரு சங்கம் நடத்தி அவருக்குப் பழக்கமில்லை. முதல் கூட்டத்தில் தலைவராகத் தீர்மானம் கொண்டுவந்து, எவனும் மறுக்கவில்லை என்றதும், தானே எழுந்து தன்னையே கால் மணி நேரம் எதிர்த்துப் பேசியிருக்கிறார். தீர்மானம் ஆறுக்கு ஒன்று என்று நிறைவேறியது.

கம்பெனிக்கோ கொண்டாட்டம். ஓட்டு இரண்டாகப் பிரிந்தால் யாருக்கும் பெரும்பான்மை வராது, பஸ்ஸைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. ஹெச்.ஆர். மேடம் இரண்டு சங்கத்தாரையும் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் எனக்கு விஷயம் விளங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கமலா அக்காவைக் கூட்டிக்கொண்டு மாமாக் கடைக்குப் போனேன். அவர் எங்களைப் பார்த்ததும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"அண்ணே, ரெண்டு சங்கமும் நின்னா ரெண்டுமே தோத்துரும் லா" என்றேன்.

"தோக்கட்டும். பாதி கேட்டு ஜெயிக்கிறதுக்கு முழுசு கேட்டுத் தோக்கலாம்."

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. "உங்களுக்கு என்னண்ணே. மோட்டார்ல வர்ற ஆளு. பஸ் வந்தா என்ன, வராட்டி என்ன?"

அவர் நாற்காலியை இன்னும் கொஞ்சம் சுவர்ப் பக்கம் நகர்த்தினார். கமலா அக்கா ரொட்டியைக் கீழே வைத்தார்.

"தம்பி, உனக்குத் தெரியாதா?"

தெரியாது. நான் ஐந்து மணிக்கே யார் காரிலாவது தொற்றிக்கொண்டு கிளம்பிவிடுகிற ஆள். பேக்கிங் பகுதி முடியும்போது இருட்ட ஆரம்பித்துவிடும். பெரிய ரோட்டுக்குப் போய்த்தான் டவுன் பஸ் பிடிக்க வேண்டும். அதுவரைக்கும் நடைபாதை கிடையாது, விளக்குப் பாதி எரியாது, கண்டெய்னர் லோரி உரசிக்கொண்டு போகும்.

"பஸ் நின்ன நாள்லேருந்து இவரு எங்க பின்னாலேயே மோட்டார்ல வர்றாரு. நடக்கிற ஸ்பீடுல, லைட்டப் போட்டுக்கிட்டு. லோரிக்காரனுக்கு நாங்க தெரியணும்ல. வர்றப்பல்லாம் திட்டுதான். ஏன் கொட எடுத்துட்டு வரல, ஏன் கறுப்புச் சட்ட போட்டிருக்கீங்கன்னு. இப்ப சண்டையில இருக்கோம், பேச்சுவார்த்த இல்ல. அப்பவும் வர்றாரு. பேசாம வர்றாரு, அதான் பயமா இருக்கு."

அப்ஜெக்ஷன் அண்ணே நாற்காலியைப் பாதி திருப்பினார்.

"காலையில பஸ் யாருக்கு? கம்பெனிக்கு. ஆளுங்க டைமுக்கு வரணும்ல. சாயங்காலம் பஸ்ஸுதான் நமக்கு. வேல முடிஞ்சப்புறம் நீ எப்படிப் போறன்னு எவன் கேக்குறான்?"

கமலா அக்கா தன் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டார். "இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல, அண்ணே?"

"கேட்டீங்களா? நான் அப்ஜெக்ஷன்னு வாயத் தொறந்தாலே எல்லாரும் போனுக்குள்ள பூந்துக்கிறீங்க."

நான் அப்போதும் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பைக்குள் வைத்தேன்.

அண்ணே சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "முழு பஸ் கேளு. பாதிதான் கெடைக்கும்னா சாயங்காலப் பாதிய வாங்கு. நான் என் சங்கத்த ஓட்டுலேருந்து எடுத்துக்கறேன்."

"அண்ணே, இது காம்ப்ரமைஸ் ஆச்சே" என்றேன்.

"அப்படி எங்கயாச்சும் எழுதுன, கைய ஒடிச்சிருவேன்."

நிபந்தனை இல்லாமல் அவர் வருவாரா? ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் எதிர்த்துப் பேசியே ஆக வேண்டும், அதுவரை யாரும் போனைத் தொடக் கூடாது என்றார். எதிர்த்துப் பேசுகிறவர் ஃபெரி இக்கரையிலிருந்து அக்கரை போகிற நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்றார் கமலா அக்கா. எந்த ஃபெரி, காற்று அடிக்கிற நாளிலா அடிக்காத நாளிலா என்று கொஞ்சம் இழுத்துவிட்டு ஒத்துக்கொண்டார். பிறகு கடைக்காரரைக் கூப்பிட்டார்.

"பாய், ஒரு தே. கூராங் மானிஸ்."

பாய் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார். அண்ணே ஒரு வாய் குடித்தார்.

"நல்லாவே இல்ல. எழுதிக்கோ."

ஓட்டில் ஜெயித்தோம். பேச்சுவார்த்தை மேசையில் ஹெச்.ஆர். மேடம் பெரிய மனசு பண்ணிக் காலை பஸ்ஸை நீட்டினார். கமலா அக்கா, "வேணாம் மேடம், சாயங்காலம் குடுங்க" என்றார். அந்தச் சிரிப்பு அன்றைக்குத்தான் நின்றது. சாயங்கால பஸ் வந்தது. காலை பஸ் இன்னும் பரிசீலனையில் இருக்கிறது.

முதல் நாள் சாயங்காலம் வேடிக்கை பார்க்க நானும் அந்த பஸ்ஸில் ஏறினேன். பெண்கள் எல்லோரும் உட்கார்ந்து, ஏசி குளிர்கிறது என்று குறை சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். கமலா அக்கா ஜன்னல் வழியாகப் பின்னால் காட்டினார். ஒற்றை விளக்கு ஒன்று ஜெட்டி வரைக்கும் எங்கள் பின்னாலேயே வந்தது. ஃபெரியில் அண்ணே என்னைப் பிடித்துக்கொண்டார். "டிரைவர் வளையறப்ப சிக்னலே போடறதில்ல. எழுதிக்கோ."

போன வருஷம் அண்ணே வேலையிலிருந்து ஓய்வு பெற்று, செபராங் ஜெயாவில் மகள் வீட்டில் இருக்கிறார். அந்த வட்டாரக் குடியிருப்பாளர் சங்கத்தை நினைத்து நான் அனுதாபப்படுகிறேன். எதிர்த்துப் பேசுகிற நிபந்தனையும் அவரோடு ஓய்வு பெற்றுவிட்டது; எங்கள் கூட்டங்கள் இப்போது சட்டென்று முடிந்துவிடுகின்றன. தீர்மானத்தைப் படிக்கிறேன், எல்லோரும் கை தூக்குகிறார்கள், கமலா அக்கா அண்ணே உட்கார்ந்த பின்வரிசை நாற்காலியை ஒரு தடவை பார்த்துவிட்டு, "சரி, அடுத்தது" என்கிறார். எல்லாமே ஏகமனதாக நிறைவேறிக்கொண்டிருக்கிறது.

எனக்கு அதில்தான் அப்ஜெக்ஷன்.