பதினாலு தரம் கழுவின அடுப்பு

அடுப்பை லொறியில் ஏற்றிக் கயிறும் கட்டியான பிறகுதான், அதை விற்ற கந்தப்போடியார் அந்தக் கதையை எடுத்தார்.

"கவனமா வெச்சிரு தம்பி. எத்தின காட்டுப்பண்டி வெந்த அடுப்புத் தெரியுமா இது?"

நல்லரத்தினம் லொறிக் கதவைத் திறந்தவன் திறந்தபடியே நின்றான். "பண்டியா?"

"பின்ன? போன மாதமும் ஒண்டு. நான் வெடி வெச்சாப் பண்டி தப்புமா?"

போடியாரின் வேட்டைத் துவக்கைப் பொலிஸ் வாங்கி வைத்துப் பத்து வருடம். கதைகள் மட்டும் தேற்றாத்தீவு வீட்டோடேயே தங்கிவிட்டன. ஆனால் அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் நல்லரத்தினத்துக்குத் துவக்கின் ஞாபகம் எங்கே வரப்போகிறது?

"போடியார், இத நீங்களே வெச்சிக்கிட்டு..."

"வித்தது வித்ததுதான் தம்பி," என்று போடியார் உள்ளே போய்விட்டார்.

இந்த அடுப்புக்காக அவன் அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல. தொண்ணூற்றாறாம் ஆண்டு அது. மட்டக்களப்பில் அரிசி ஏற்றிக் கொழும்புக்குப் புறப்பட்டால் சோதனைச் சாவடி வரிசையிலேயே ஒரு முழு நாள் போய்விடும். சுற்றுவட்டாரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை இராது. மூன்று கல் வைத்துச் சமைக்கலாமென்றால், கல் பொறுக்க ரோட்டை விட்டு இறங்கக் கூடாது, மிதிவெடி. மண்ணெண்ணெய் அடுப்பென்றால் எண்ணெயைச் சாவடியில் பறித்துக்கொண்டு வெறும் அடுப்பைத் தருவார்கள். தார் ரோட்டிலேயே நிறுத்தித் தேங்காய்ச் சிரட்டை போட்டு மீன் சுடக்கூடியதாக ஒன்று வேண்டும். வெல்டிங் கடையில் இருந்தது இரண்டு பேர் தூக்குகிற கனம். சந்தையில் இருந்தது வெறும் தகரம், ஒரு தரம் எரித்தாலே சுருண்டு போகும். போடியாரிடம் இருந்ததுதான் தோதானது. தடித்த இரும்புத் தட்டு, மேலே கம்பிவலை, மடக்கி வைக்கிற நாலு கால். கை சுடாமலிருக்கப் பிடியில் நீலச் சாரத்துணி சுற்றி யாரோ அழகாகத் தைத்துமிருந்தார்கள்.

அவன் தனக்காக வாங்கியிருந்தால் பன்றி வெந்தாலென்ன, யானை வெந்தாலென்ன. சனிக்கிழமை அவனோடு கொழும்புக்கு வரப்போகிறவர் காத்தான்குடிப் புடவைக்கடை மஜீட் காக்கா. தொண்ணூறாம் ஆண்டுக் கொலைகளுக்குப் பிறகு காத்தான்குடி முஸ்லிம்கள் ஒருவரும் தமிழன் லொறியில் ஒரு பொதி ஏற்றாத காலத்தில், "நல்லரத்தினத்துக்கிட்டக் குடுங்க" என்று முதல் பொதியைக் கொடுத்த மனிதர். இந்த முறை தானே கூட வருகிறாராம். வழியில் சேர்ந்து சமைத்துச் சாப்பிடலாமாம். மீனுக்குப் பூச மசாலா அரைத்துத் தருவதாக அவருடைய மனைவி ஆமினா உம்மாவும் சொல்லியிருந்தார். அந்த மனிதருக்குப் பன்றி வெந்த அடுப்பில் மீன் சுட்டுக் கொடுப்பதா?

நாவற்குடாவில் தன் வீட்டுக்கு வந்ததும் மனைவி அன்னப்பூரணியிடம் சொன்னான். அவள் பழப்புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தாள். பிசுக்குப் போகவில்லை. "சிரட்டையப் போட்டு நல்லா எரிங்க, தன்னால போகும்," என்றாள்.

எரித்தான். இடுக்குகளிலிருந்த கொழுப்பு உருகி, முற்றம் முழுக்க இறைச்சி மணம் எழும்பியது.

"பண்டிதான். சந்தேகமே இல்ல," என்றான் நல்லரத்தினம்.

"பண்டி மணம் உங்களுக்கென்னெண்டு தெரியும்? மாடும் தின்னாத, பண்டியும் தின்னாத ஆள்."

அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு காத்தான்குடி சரீபின் தேத்தண்ணிக் கடைக்குப் போனான். ஒரு பிளேன்டியை முக்கால்வாசி குடித்த பிறகு மெல்லக் கேட்டான்.

"சரீப், ஒரு ஏனத்தில பண்டி பட்டிட்டா உங்கட முறையில என்ன செய்யிற?"

"ஏழு தரம் கழுவோணும். அதில ஒரு தரம் மண் கரைச்ச தண்ணியால. ஏன் கேக்கிறாய்?"

"சும்மாதான். ஒரு கூட்டாளிக்கு."

"அந்தக் கூட்டாளி என்ர கடையில குடிக்கிறவனா?" என்று சரீப் அவனுடைய கிளாசையே பார்த்தான். நல்லரத்தினம் மிச்சத் தேநீரை வைத்துவிட்டு எழும்பினான்.

புதன்கிழமை காலை அடுப்பை வாவிக்கரைக்குக் கொண்டுபோனான். முதலில் மண்ணைக் கரைத்துப் பூசி ஊற வைத்தான். மீதி ஆறு தரத்தையும் வாய்விட்டு எண்ணிக் கழுவினான். "ஏழு" என்று நிமிர்ந்தால், பக்கத்துக் காவலரணிலிருந்த ஆமிக்காரன் துவக்கோடு முன்னால் நிற்கிறான். ஒருவன் விடியற்காலையில் இரும்புச் சாமானுக்குச் சேறு பூசித் தண்ணீரில் முக்கி முக்கி எடுத்தால் யார்தான் சும்மா இருப்பார்கள்.

"மொகத மே? என்ன இது?"

"அடுப்பு சேர். மீன் சுடுற அடுப்பு."

"அடுப்பு எண்டா பத்த வை. நான் பாக்கிறது."

சிரட்டை பொறுக்கிப் பற்றவைத்தான். தணல் பிடித்ததும் ஆமிக்காரனின் முகம் மலர்ந்துவிட்டது. காவலரணுக்குள் போய் ஒரு பொட்டலத்தோடு வந்தான். நாலு இறைச்சித் துண்டுகளை வலையில் வரிசையாக அடுக்கினான்.

"என்ன இறைச்சி சேர்?" என்று நல்லரத்தினம் ஈனக்குரலில் கேட்டான்.

"ஊரு மஸ்."

கொழும்பு ரோட்டில் பத்து வருடம் ஓடியவனுக்கு அந்தளவு சிங்களம் தெரியும். பன்றியேதான். அதுவும் நல்ல கொழுத்த பன்றி, சொட்டுச் சொட்டாகத் தட்டில் விழுந்தது. ஆமிக்காரன் நல்ல மனிதன், பெரிய துண்டை அவனுக்கே நீட்டினான். நல்லரத்தினம் விரதம் என்று கும்பிட்டுத் தப்பினான்.

பிறகென்ன, மறுபடியும் ஒன்றிலிருந்து. இந்தத் தடவை எண்ணிக்கை பிசகிவிடக் கூடாதென்று கரையில் ஏழு சிப்பி வைத்துக் கழுவினான். முடிந்தபோது ஒரு கால் வளைந்திருந்தது, கம்பி இரண்டு கழன்றிருந்தது, நகக்கண் பத்தும் எரிந்தது. இவ்வளவுக்குப் பிறகும் மனம் மட்டும் ஆறவில்லை. அடுப்புச் சுத்தம்தான். ஆனால் சொல்லாமல் கொடுத்தால் அது களவில்லையா?

"சொல்லிப்போடுங்க," என்றாள் அன்னப்பூரணி. "கோவிச்சாக் கோவிக்கட்டும்."

சனிக்கிழமை விடிய, காத்தான்குடியில் மஜீட் காக்காவின் வாசலில் லொறியை நிறுத்தி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னான். போடியாரின் பன்றி, சரீபின் ஏழு, ஆமிக்காரனின் பன்றி, மறுபடியும் ஏழு.

மஜீட் காக்கா தாடியைத் தடவிச் சிரித்தார். "பதினாலு தரம் கழுவின ஏனத்தில குறையென்ன தம்பி? நம்மட வீட்டுச் சட்டியே அவ்வளவு கழுவுப்படல்ல. எடு, பாப்பம்."

நல்லரத்தினத்துக்கு உயிர் திரும்பி வந்தது. சாக்கை அவிழ்த்து அடுப்பை எடுத்து வாசலில் வைத்தான்.

மஜீட் காக்கா குனிந்தார். அந்த நீலத் துணிப் பிடியைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"இது போடியாரிட்ட எப்ப வாங்கின?"

"இந்தத் திங்கக்கிழம காக்கா."

அவர் நிமிர்ந்து, தெருவின் கடைசித் தொங்கலைப் பார்த்துக்கொண்டு நின்றார். தொலைந்தது என்று நினைத்தான் நல்லரத்தினம். இனி இந்த வீட்டுப் பொதியுமில்லை, இந்த மனிதரின் முகமுமில்லை.

மசாலாப் போத்தலோடு கதவடிக்கு வந்த ஆமினா உம்மா அடுப்பைப் பார்த்துவிட்டு, புருசனைப் பார்த்தார்.

"இது நான் தைச்ச பிடியெல்லுவா? நாம மாடு சுட்ட அடுப்பில நல்லரத்தினத்துக்கு மீன் சுட்டுக் குடுக்கிறது பாவமெண்டு சொல்லி, ஞாயித்துக்கிழமதானே நீங்க இதப் போடியாருக்கு வித்த?"