பெண் கேட்கப் போன மூன்று பெர்மிட்டுகள்

பெண் கேட்கக் கிளம்பிய நாற்பது பேரில் செக்போஸ்டைத் தாண்டியவர் ஒரே ஒருவர். அவர் ஆட்டு டாக்டர்.

மற்ற முப்பத்தொன்பது பேரும் கோட்டு சூட்டுடன் சுழல் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, அந்தப் பக்கம் நடந்து போகிற டாக்டர் நாஜியின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிலவுக்கு ஆள் அனுப்பியவர்கள் இப்படித்தான் பார்த்திருப்பார்கள். மாப்பிள்ளை அய்ஹமும் அந்த முப்பத்தொன்பதில் அடக்கம்.

"பேச வேண்டிய நான் இங்க நிக்கிறேன். ஊசி போடுறவர் அங்க போறார்" என்றார் பெரியப்பா தவ்ஃபீக். அவர்தான் ஜாஹாவுக்குத் தலைவர். ஜாஹா என்றால் மாப்பிள்ளைக்காகப் பெண் கேட்கப் போகும் பெரியவர்கள் கூட்டம். அங்கே பேச வேண்டியதை இரண்டு வாரமாகக் கண்ணாடி முன்னால் நின்று மனப்பாடம் செய்திருந்தார்.

"போன்ல சொல்லுங்க பெரியப்பா. டாக்டர் கேட்டு அப்படியே சொல்லிடுவார்" என்றான் அய்ஹம்.

"ஆட்டுக்கிட்டயே பேசிப் பழகின மனுஷன்டா அவர்."

விஷயம் இதுதான். பெண் ரூபாவின் ஊரான கிர்பத் தூத், ராணுவம் போட்ட வேலிக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்ட, குன்றின் மேலுள்ள எண்பது வீட்டுக் கிராமம். அந்த ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டில் தாங்களே குடியிருப்பதற்குப் பெர்மிட் வைத்திருந்தார்கள். ரூபாவும் வைத்திருந்தாள். புதுப்பிக்க மறந்தால் சொந்தக் கட்டிலில் படுப்பது சட்டவிரோதம். தினமும் காலையில் வாயிலைத் தாண்டி கல்கிலியா நகரத்துக்கு நர்சிங் படிக்க வருவாள். அய்ஹம் அங்கே போன் ரிப்பேர் கடை வைத்திருந்தான். அவள் போனை நான்கு முறை சரிசெய்தான். அதில் மூன்று முறை போனில் ஒரு கோளாறும் இல்லை.

வெளியாட்கள் உள்ளே போகத் தனி பெர்மிட் வேண்டும். விண்ணப்பத்தில் 'எதற்காக' என்று ஒரு கட்டம் இருந்தது. விவசாயம், வியாபாரம், மருத்துவம், மின்சாரம், குடிநீர் என்று வரிசையாகப் போட்டிருந்தது. கல்யாணம் இல்லை. அய்ஹம் 'இதர' என்பதில் குறி போட்டு, நாற்பது பேருக்கும் சேர்த்து மனு கொடுத்தான். நாற்பத்தொரு பேருக்கு மறுப்பு வந்தது. அந்தக் கூடுதல் ஆள் யார் என்று இன்றுவரை தெரியவில்லை.

"கல்கிலியாவுல ஒரு ஓட்டல்ல வச்சுக் கேட்டா என்ன மாமா?" என்று ரூபாவின் அப்பா அபூ ஹிலாலுக்குப் போன் போட்டுப் பார்த்தான்.

"ஓட்டல்ல கேக்குறதுக்கு என் பொண்ணு என்ன கபாபா? என் வீட்டுக்கு வரணும். இந்த வியாழக்கிழமைக்குள்ள வரணும். இல்லேன்னா என் தம்பி மகன் இருக்கான். இந்த ஊர்லயே இருக்கான், பெர்மிட்டோட."

அதனால்தான் வியாழக்கிழமை. நேரில் போய் நின்றால் நம்முடைய கௌரவத்தைப் பார்த்து விட்டுவிடுவார்கள் என்று சொன்னது பெரியப்பா. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த சிப்பாய் முப்பத்தொன்பது கௌரவங்களையும் ஒவ்வொன்றாகக் கணினியில் தட்டிப் பார்த்துவிட்டு, ஆடுகளுக்குத் தடுப்பூசி போடும் பெர்மிட் வைத்திருந்த ஒருவரை மட்டும் விட்டான். அதுவும் அவர் மருந்துப் பையைத் திறந்து காட்டிய பிறகு.

பதினொரு மணிக்குப் போன் வந்தது.

"உக்காந்துட்டேன்" என்றார் டாக்டர் நாஜி தணிந்த குரலில். "காப்பி முன்னால இருக்கு. நான் தொடல."

"தொடாதீங்க. அவங்க சரின்னு சொல்லி, 'காப்பியக் குடிங்க'ன்னு சொல்ற வரைக்கும் தொடவே கூடாது" என்றான் அய்ஹம்.

"தெரியும்ப்பா, நானும் கல்யாணம் பண்ணினவன்தான்."

பெரியப்பா போனை வாங்கி, தொண்டையைச் செருமி, "மேன்மை மிக்க குலமே" என்று ஆரம்பித்தார். எதிர்முனையில் சிக்னல் போனது, வந்தது, போனது. கடைசியில் டாக்டர் தன் சொந்தச் சரக்கில் இறங்கிவிட்டார். போன் வழியாக எல்லாருக்கும் கேட்டது.

"பையனுக்கு இருபத்தெட்டு வயசு. பல் எல்லாம் முழுசா இருக்கு. காலு கோணல் இல்ல. தீனி ஒழுங்கா எடுப்பான். இதுவரைக்கும் யாரையும் முட்டினது கிடையாது."

பெரியப்பா முகத்தை மூடிக்கொண்டார்.

அபூ ஹிலாலின் குரல் கேட்டது. "பேச்சு நல்லாத்தான் இருக்கு டாக்டர். ஆனா ஒத்த ஆளு வந்தா அது ஜாஹாவா? ஊர் என்ன சொல்லும்? மூணு பேராவது வேணாமா?"

அய்ஹம் டாக்ஸி பிடித்து கல்கிலியாவுக்கு ஓடினான். நகரத்தில் பெர்மிட் வைத்திருந்த எல்லாரையும் யோசித்துப் பார்த்ததில் எலக்ட்ரீஷியன் ஃபவ்ஸி நினைவுக்கு வந்தார். அவர் ஒரு மின்கம்பத்தின் உச்சியில் இருந்தார்.

"பெர்மிட் இருக்கா அண்ணே?"

"இருக்கு. ஆனா நான் அந்தப் பக்கம் போறதில்ல. வரிசையில நின்னு நின்னு முட்டி தேஞ்சு போச்சு" என்றார் ஃபவ்ஸி, மேலிருந்தபடியே.

"ஜாஹாண்ணே."

ஃபவ்ஸி இறங்கிவிட்டார். அந்தச் சொல்லைச் சொல்லிக் கூப்பிட்டால் மாட்டேன் என்று சொல்ல எங்கள் ஊரில் எவனுக்கும் வாய் வராது. பெரியப்பாவின் கோட்டைக் கழற்றி அவருக்குப் போட்டார்கள். தோளில் இடித்தது, இடுப்பில் தொங்கியது. ஆனாலும் வாயிலில் நின்றபோது அமைச்சர் மாதிரி இருந்தார். அதுதான் பிரச்சினையாகிவிட்டது.

"பெர்மிட்டில் எலக்ட்ரீஷியன் என்று இருக்கிறது. எலக்ட்ரீஷியன் ஏன் சூட்டு போட்டிருக்கிறான்?" என்று கேட்டது ஒலிபெருக்கி.

"மரியாதைக்கு" என்றார் ஃபவ்ஸி.

"யாருக்கு?"

"மின்சாரத்துக்கு."

ஒலிபெருக்கி கொஞ்ச நேரம் யோசித்தது. "எலக்ட்ரீஷியன் என்றால் சாமான் எங்கே?"

அய்ஹம் மறுபடி ஓடிப்போய் அந்த மின்கம்பத்தடியில் கிடந்த பையைத் தூக்கி வந்தான். இடுக்கி, டெஸ்டர், முறுக்குக் கம்பி எல்லாம் மெஷினுக்குள் போய் வெளியே வந்தன. ஃபவ்ஸி கோட்டு சூட்டும் சாமான் பையுமாக உள்ளே நடந்தார். மனிதன் யாராக இருந்தாலும், அவன் தொழிலை மட்டும் அடையாளம் கண்டு வழிவிடும் அந்தக் கதவைப் பார்த்து அய்ஹமுக்கு ஒரு பிரமிப்பு வந்தது. ஒரு நொடிதான்.

அடுத்தது குனாஃபா. பெண் வீட்டுக்குக் கொடுக்க பாலாடைக்கட்டியும் சர்க்கரைப் பாகும் ஊறிய ஒரு பெரிய தாம்பாளம். அது எக்ஸ்ரே மெஷினின் வாயைவிட நான்கு விரல் அகலம். சாய்த்து நுழைத்ததில் பாகு ஒழுகி பெல்ட்டில் வழிந்தது. மெஷின் கூவியது, சிவப்பு விளக்கு எரிந்தது, பின்னால் வரிசை அரை மணி நேரம் நின்றது.

"இது சொந்த உபயோகத்துக்கான அளவில்லை" என்றது ஒலிபெருக்கி.

வரிசையில் நின்ற உம்மு ராகிப் முன்னால் வந்தாள். கிர்பத் தூத்துக்காரி, அபூ ஹிலாலுக்குப் பக்கத்து வீடு. தாம்பாளத்தை மேலும் கீழும் பார்த்தாள்.

"வெட்டுடா மகனே. நாங்க பதினாறு பொம்பளைங்க இருக்கோம். ஆளுக்கு ஒரு துண்டு எங்க மத்தியானச் சாப்பாடுன்னு கொண்டுபோறோம்."

"ஒரு துண்டு முக்கால் கிலோ வருமே அத்தை?"

"எனக்குப் பசி" என்றாள் உம்மு ராகிப், சிப்பாயைப் பார்த்து.

பதினாறு பேரும் பசியோடு உள்ளே போனார்கள்.

இரண்டு மணிக்கு டாக்டர் மறுபடி கூப்பிட்டார். "அய்ஹம், மூணாவது தடவை காப்பி மாத்தி வச்சிருக்காங்க. இன்னும் குடிங்கன்னு சொல்லல. அவர் என்ன சொல்றார்னா, ஒருத்தன் டாக்டர், ஒருத்தன் எலக்ட்ரீஷியன், மாப்பிள்ளையோட ரத்தத்துல ஒருத்தர் கூட இல்லையேன்னு வருத்தப்படுறார்."

"எங்க ரத்தத்துல யாருக்கும் பெர்மிட் இல்லையே."

"அதையும் சொன்னேன். அம்மா வழியில யாராவது இருக்காங்களா பாருன்னு சொல்றார்."

அம்மா வழியில் ஒருவன் இருந்தான். ஸமீஹ். பிளம்பர், பெர்மிட் உள்ளவன். ஏழு வருடமாக இந்தக் குடும்பத்தோடு பேச்சுவார்த்தை இல்லை. அய்ஹமின் அண்ணன் கல்யாணத்தில் விருந்து பரிமாறியபோது எல்லார் தட்டிலும் கறி விழுந்தது, ஸமீஹ் தட்டில் சோறு மட்டும் விழுந்தது. பரிமாறியவர் பெரியப்பா.

போன் போட்டதும் ஸமீஹ் வந்துவிட்டான். ஜாஹாவாயிற்றே. ஆனால் வாயிலுக்குப் பத்தடி தூரத்தில் நின்றுகொண்டான்.

"நான் போறேன். ஆனா அவர் வந்து, இத்தனை பேர் முன்னாடி, என் தலையில முத்தம் குடுத்துட்டுக் கேக்கணும்."

"ஏழு வருஷம் ஆச்சுடா அது" என்றார் பெரியப்பா.

"சோறு மட்டும் தின்னவனுக்குத் தெரியும் எத்தனை வருஷம்னு."

பெரியப்பா கோட்டில்லாமல் நின்றுகொண்டிருந்தார். மூன்று தேர்தலில் தோற்றபோதும் தலைகுனியாத மனிதர். அய்ஹம் வேலிக்கு அந்தப் பக்கம் தெரிந்த குன்றை மட்டும் பார்த்தான். பெரியப்பா அவன் பார்ப்பதைப் பார்த்தார். பிறகு நடந்துபோய்க் குனிந்து ஸமீஹின் உச்சந்தலையில் முத்தமிட்டார்.

"கறி தீந்து போச்சுடா அன்னிக்கி" என்றார் மெதுவாக. "வெளிய சொல்ல வெட்கமா இருந்துச்சு."

ஸமீஹ், "அப்பவே சொல்லியிருக்கலாமே மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டு, யாரும் கேட்காமலேயே தன் வண்டியிலிருந்து பைப் ரெஞ்சையும் சாமான் பெட்டியையும் எடுத்துக்கொண்டு வாயிலுக்குப் போனான். அவன் விவரமானவன்.

அதன்பிறகு போனே வரவில்லை.

மூன்று மணிக்கு அய்ஹம் கூப்பிட்டான், யாரும் எடுக்கவில்லை. நான்கு மணிக்கும் எடுக்கவில்லை. வந்தவர்கள் கற்களின் மேல் கைக்குட்டை விரித்து உட்கார்ந்தார்கள்.

"பேரம் பேசுறாங்க" என்றார் ஒருவர்.

"தம்பி மகனைக் கூட்டிட்டு வந்திருப்பாங்க" என்றார் இன்னொருவர். அவரை எல்லாரும் முறைத்தார்கள்.

ஐந்து மணிக்கு இருட்ட ஆரம்பித்தது. ஏழு மணிக்கு வாயிலை மூடிவிடுவார்கள். குன்றின் மேல் கிர்பத் தூத் வெறும் கரும்புள்ளியாகி, பிறகு வானத்தோடு கலந்து காணாமல் போனது. ரூபா அந்த இருட்டில் எங்கே இருப்பாள் என்றுகூட இனி கணக்குப் போட முடியாது. அய்ஹம் வேலிக்கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டான். ஒரு போன் கடைக்காரன் கையிலிருந்த போன் அவனுக்கு உதவாத நாள் அது.

அப்போதுதான் அது நடந்தது.

முதலில் குன்றின் உச்சியில் ஒரே ஒரு விளக்கு எரிந்தது. நடுங்கியது, அணைந்தது, மறுபடி எரிந்தது. பிறகு அதன் பக்கத்தில் ஒன்று. பிறகு ஒரு வரிசை. பிறகு யாரோ மலையின் மேல் ஒரு கை நிறைய வெளிச்சத்தை அள்ளி வீசியது போல எண்பது வீடுகளும் ஒரே மூச்சில் எரிந்தன. ஜன்னல்கள், மாடிகள், பள்ளிவாசலின் பச்சை விளக்கு எல்லாம். கிர்பத் தூத்தை இரவில் அப்படி அவர்களில் யாருமே பார்த்ததில்லை.

உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். யாரும் எழச் சொல்லவில்லை. தொப்பி போட்டவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த சிப்பாய்கூட எழுந்து வந்து மலையைப் பார்த்தான்.

"ஸுப்ஹானல்லாஹ்" என்றார் பெரியப்பா. "உனக்காகடா மகனே. இத்தனை விளக்கு உனக்காக."

காற்று இந்தப் பக்கம் திரும்பியது. பெண்கள் குலவையிடும் சத்தம் வந்தது. அதற்கு அடியில், எங்கோ நிறையத் தண்ணீர் கொட்டுகிற சத்தம். அதற்கும் அடியில், புதிதாகப் பிறந்த ஆட்டுக்குட்டி ஒன்றின் மெல்லிய குரல். தன்னைப் போன்ற ஒருவனின் கல்யாணத்துக்கு ஒரு மலையே இப்படி விழித்துக்கொள்ளும் என்று அய்ஹம் நினைத்ததில்லை. இந்த வெளிச்சத்துக்குத் தகுதியாக இனி தான் எப்படி வாழப்போகிறோம் என்று பயமாகக்கூட இருந்தது.

போன் அடித்தது.

"குடிச்சிட்டோம்" என்றார் டாக்டர் நாஜி. "இப்பத்தான் குடிங்கன்னு சொன்னார். பொண்ணு உனக்குத்தான்."

முப்பத்தெட்டு பேர் அவனைக் கட்டிப்பிடித்தார்கள். கட்டிப்பிடித்த இடத்திலேயே ஒருவர் அழுதார்.

ஏழடிக்க இருபது நிமிடம் இருக்கும்போது அந்த மூவரும் சுழல் கதவு வழியாக வெளியே வந்தார்கள். டாக்டரின் சட்டைக்கையில் முழங்கை வரை ஏதோ பிசுபிசுப்பு இருந்தது. ஃபவ்ஸி போட்டிருந்த பெரியப்பாவின் கோட்டு இடது பக்கம் கருகிப் போயிருந்தது. ஸமீஹ் இடுப்பு வரை நனைந்திருந்தான்.

"என்னண்ணே ஆச்சு?" என்றான் அய்ஹம்.

"ரொம்பப் பேச வேண்டியிருந்துச்சு" என்றார் ஃபவ்ஸி, கம்பீரமாக.

"கடினமான குடும்பம். ஆனா முடிச்சிட்டோம்" என்றார் டாக்டர்.

ஸமீஹ் காலணியைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டினான்.

வேலிக்கு அந்தப் பக்கம் உம்மு ராகிப் ஒரு தட்டுடன் இறங்கி வந்தாள். குனாஃபாவில் ஒரு துண்டு மாப்பிள்ளைக்கென்று மிச்சம் வைத்திருந்தாள். தள்ளி நில் என்றது ஒலிபெருக்கி. அவள் அதற்குக் காது கொடுக்கவில்லை. கம்பி இடைவெளியில் துண்டைப் பிய்த்துப் பிய்த்து நீட்டினாள்.

"அத்தை," என்றான் அய்ஹம், வாய் நிறைய இனிப்போடு, கண் நிறைய விளக்குகளோடு. "காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் மாமா யோசிச்சாரே, ரூபா என்ன சொன்னா?"

உம்மு ராகிப் விரலில் ஒட்டிய பாகை நக்கிக்கொண்டாள்.

"அவளா? அவ சரின்னு சொல்லி ஒரு மாசம் ஆச்சு மகனே. 'ஆடு, கரன்ட்டு, தண்ணின்னு மூணு பேரும் வேலைய முடிக்கிற வரைக்கும் காப்பியக் குடிங்கன்னு மட்டும் சொல்லிராதீங்கப்பா'ன்னு அப்பனுக்குச் சொல்லிக் குடுத்ததே அவதான்."