பதினேழு எழுத்துக்காரர்

கல்யாணப் பந்தியில் சாப்பிடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் நின்று இடம் பிடிப்பவரை உங்களுக்குத் தெரியும். ஊர்க்கூட்டத்தில் ‘ஒரே நிமிஷம்’ என்று மைக்கை வாங்குபவரையும் தெரியும். இப்போது நம் நாமக்கல், சேலம் பக்கம் புதிதாக ஓர் இனம் பெருகியிருக்கிறது. அவர்தான் பதினேழு எழுத்துக்காரர்.

முதல் வரிக்கு ஐந்து எழுத்து, அடுத்த வரிக்கு ஏழு, கடைசி வரிக்கு மறுபடி ஐந்து. புள்ளி வைத்த எழுத்துக்குக் கணக்கில் இடமில்லை. நாளுக்கு ஒரு கவிதை; அது தவறக்கூடாது. காய்ச்சலில் படுத்தாலும் சரி, மாமனார் செத்தாலும் சரி.

இவரை அடையாளம் காண்பது சுலபம். கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்கள் மேல் ஓடிக்கொண்டே இருக்கும். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர், ஐயா ஏதோ ஜபம் செய்கிறார் என்று மரியாதையாகத் தள்ளி உட்காருவார். ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனால் நாம் மூக்கைப் பொத்துவோம். இவர் அதன் மேல் ஒரு கவிதை சொல்ல வாயைத் திறப்பார். ‘சுருக்கம்தானுங்க அழகு’ என்பார். பிறகு அந்த மூன்று வரிக்கு முக்கால் மணி நேரம் விளக்கம் சொல்வார். இவர்களுக்கென்று வாட்ஸ்அப் குழு உண்டு. இருநூறு பேர் எழுதுகிறார்கள், இருநூறு பேரும் ‘அருமை’ போடுகிறார்கள். படிப்பவர்? அப்படி ஒருவர் இருந்ததாக இதுவரை தகவல் இல்லை.

எங்கள் பக்கத்து வீட்டுத் தீனதயாளன் இந்த இனத்தின் உத்தமமான மாதிரி. சேந்தமங்கலம் சாலையில் லாரி புக்கிங் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டை நடத்துவது அவர் மனைவி சௌந்திரம் அக்காள். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு ஆயிரத்து இருநூறு முட்டைக்கோழி வைத்திருந்தார். குஞ்சிலிருந்து அக்காள் கையால் தீனி தின்ற கோழிகள். எது சுணங்கி நிற்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார்.

போன சித்திரையில் ஒரு நாள் அக்காள் பரமத்தியில் ஒரு வளைகாப்புக்குப் போக வேண்டியிருந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுத்தான் போனார்.

“ஏனுங்க, வெயிலு இன்னிக்கு ஒரு மாதிரி அடிக்குதுங்க. பன்னெண்டு மணிக்கு மோட்டாரப் போட்டு கூரை மேல தண்ணி உட்டுருங்க. மறந்துராதீங்க.”

“அதெல்லாம் நா பாத்துக்கறேன். நீ போய்ட்டு வா.”

அவர் மறக்கவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். சரியாகப் பன்னிரண்டு மணிக்கு மோட்டார் சுவிட்சை நோக்கி நடந்தார். வழியில் கூண்டில் ஒரு கோழி வெக்கை தாங்காமல் வாயைப் பிளந்து மூச்சு வாங்குவதைப் பார்த்தார். ‘பிளந்த வாய்கள்.’ ஐந்து எழுத்து! தேடாமல் வந்த ஐந்து! வேப்பமரத்தடியில் கட்டிலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர்தான்.

ஒரு மணிக்கு அக்காள் போன் செய்தார். படைக்கும் நேரத்தில் இவர் போனை எடுப்பதில்லை. ஒன்றரைக்கு மறுபடி வந்தது. சத்தத்தை அணைத்து வைத்தார். அப்போது இரண்டாவது வரியில் ஓர் எழுத்து இடித்துக்கொண்டிருந்தது. ஒரு வழியாக மூன்று மணிக்குக் கவிதை குழுவில் ஏறியது.

பிளந்த வாய்கள்
தகரத்தின்மேல் வெயில்
காத்திருக்கிறேன்

நியாயமாகக் காத்திருந்தவை கோழிகள். ஆனால் ‘காத்திருக்கின்றன’ என்று போட்டால் ஓர் எழுத்து கூடிவிடுகிறது. ஆகவே கோழிகளை எடுத்துவிட்டுத் தம்மைப் போட்டுக்கொண்டார்.

மூன்றரைக்கு அக்காள் திரும்பினார். அவர் போட்ட சத்தத்தில் நான் வேலியைத் தாண்டி ஓடினேன். கூண்டு கூண்டாகக் கோழிகள் கழுத்து தொங்கிக் கிடந்தன. மோட்டாரைப் போட்டோம், பிழைத்தவற்றுக்குத் தண்ணீர் காட்டினோம், செத்தவற்றைச் சாக்கில் போட்டோம். நூற்று எண்பது. அக்காள் ஒவ்வொன்றையும் காலைப் பிடித்து எடுத்தார், ஒன்றையும் வீசவில்லை. அந்த நேரத்தில் தீனதயாளன் போனை நீட்டிக்கொண்டு வந்தார்.

“சௌந்திரம், வருத்தப்படாத. இத நா பதிவு பண்ணி வெச்சிருக்கறேன். பாரு, அதுக்குள்ள நாப்பத்தாறு பேரு ‘அருமை’ போட்டுட்டாங்க.”

அக்காள் நிமிர்ந்து பார்த்தார். திட்டவில்லை. எப்போதும் பேசும் அதே மரியாதையோடுதான் சொன்னார்:

“அந்தக் கோழி வாயத் தொறந்தது தண்ணிக்குங்க. உங்களுக்குப் பாட்டு எடுத்துக் குடுக்கறதுக்கில்லீங்க.”

தீனதயாளன் அப்படியே நின்றார். கண் கலங்கியது, உதடு துடித்தது. ஆள் திருந்திவிட்டார் என்றுதான் நானும் நினைத்தேன். பிறகுதான் கையைப் பார்த்தேன். கட்டைவிரல் ஓடிக்கொண்டிருந்தது.

நாங்கள் கடைசிச் சாக்கைக் கட்டுவதற்குள் அதுவும் குழுவில் ஏறிவிட்டது.

வாய் திறந்தது
கோழி தண்ணீருக்குத்தான்
பாட்டுக்கு அல்ல

கீழே ‘தீனதயாளன்’ என்று பெயர். அக்காளின் ‘ங்க’ இரண்டும் காணோம். எண்ணிக்கைக்கு ஒத்துவரவில்லை போலிருக்கிறது. இதற்கு நூற்றுப் பன்னிரண்டு ‘அருமை’. அந்த வாரத்தின் சிறந்த கவிதையும் அதுதான். அக்காள் மீதிக் கோழிகளை அடுத்த மாதமே தன் தம்பி வீட்டுக்கு ஏற்றி அனுப்பிவிட்டார். கொட்டகை சும்மா கிடக்கிறது. அதைப் பற்றியும் தீனதயாளன் ஒன்று எழுதியிருப்பதாகக் கேள்வி.

சிரித்துவிட்டீர்களா? நல்லது. இனி உங்களிடம் ஒரு கேள்வி. உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த இரண்டாவது கவிதையைப் படித்தபோது உங்களுக்குப் பற்றிக்கொண்டு வந்ததா, அல்லது ஒரே ஒரு நொடி, ‘ஆனாலும் நன்றாகத்தான் வந்திருக்கிறது’ என்று தோன்றியதா? பதினேழு சரியாக இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்தீர்களா? பார்த்திருந்தால் பயப்பட வேண்டாம். ஆரம்ப நிலைதான். எதற்கும், வீட்டில் கோழி மட்டும் வளர்க்காதீர்கள்.