ஓர் ஊசிக்குப் பேரம்

பேத்தியின் பொக்கைவாய்ச் சிரிப்பை நேரில் பார்க்க விலை ஓர் ஊசி. பூட்டுக்கடைக்காரருக்கு அது அநியாய விலையாகப் பட்டது.

டிராவல்ஸ்காரர் பட்டியலைப் படித்துக்கொண்டே வந்தார். பாஸ்போர்ட், வெள்ளைப் பின்னணியில் இரண்டு போட்டோ, வங்கிக் காகிதம், பயண இன்சூரன்ஸ், மகள் அனுப்பிய அழைப்புக் கடிதம். ஒவ்வொன்றுக்கும் பூட்டுக்கடைக்காரர் தலையை ஆட்டினார். கடைசி வரியில் ஆட்டம் நின்றது.

"தடுப்பு மருந்துச் சான்றிதழ். அரசு ஆஸ்பத்திரியில முத்திரையோட வாங்கிடுங்கண்ணே. வெள்ளிக்கிழமை மதியத்துக்குள்ள எல்லாம் உள்ள போயாகணும். டிக்கெட் போட்டாச்சு, திருப்பினா பைசா வராது."

"இந்தக் கடைசி ஐட்டத்த மட்டும் தள்ளுபடி பண்ணிக்க முடியாதா?"

"சாவி இல்லாமப் பூட்டு விப்பீங்களா நீங்க?"

முப்பது வருடம் இரும்போடு புழங்கிய மனிதர். ஷட்டர் காலில் விழுந்தபோதுகூட, "ஷட்டருக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டவர். ஊசி என்றால் மட்டும் உள்ளங்கால் வியர்க்கும். மகள் சின்னவளாக இருந்தபோது, ஊசி போடும் நாளில் எல்லாம் வண்டி நிறுத்த இடம் தேடப் போய்விடுவார். இடம் கிடைத்து அவர் திரும்புவதற்குள் மகள் அழுது முடித்து, மிட்டாயும் தின்று முடித்திருப்பாள். இந்த ரகசியத்துக்கு மட்டும் அவர் யாருக்கும் சாவி வெட்டிக் கொடுத்ததில்லை, மனைவிக்குக்கூட.

மனைவி மகளின் பிரசவத்துக்கென்று நான்கு மாதம் முன்பே போய்விட்டாள். அன்று மாலை வீடியோ கால் வந்தது.

"என்னங்க, தடுப்பு மருந்து முடிஞ்சுதா? ஒரு நிமிஷ வேலைதான். அங்க போனீங்கன்னா..."

"எனக்குத் தெரியும். கடைய நடத்துறவனுக்கு ஆஸ்பத்திரிக்குப் போகத் தெரியாதா?"

மகள் போனைப் பிடுங்கிக் குழந்தையைக் காட்டினாள். "அப்பா, இவளுக்கும் நேத்துத் தடுப்பு மருந்து கொடுத்தாங்க. லேசா மூஞ்சியச் சுளிச்சா, அவ்வளவுதான். அழவே இல்ல!"

மூன்று மாதக் குழந்தை அவர் மீசையைப் பிடிக்கக் கை நீட்டியது. விரல் போன் கண்ணாடியில் வழுக்கியது. பூட்டுக்கடைக்காரரின் நெஞ்சு உருகிப்போனது. கை மட்டும் சட்டைக்குள் சுருங்கியது.

மறுநாள் கடை திறக்குமுன் டிராவல்ஸ்காரரைத் தனியாக மடக்கினார். "வேற வழியே இல்லையாப்பா?"

"உடம்புக்கு ஒத்துக்காதுன்னு டாக்டர் எழுதிக் கொடுத்தா விலக்கு உண்டு."

"இத நேத்தே சொல்றதுக்கென்ன!"

டாக்டரின் கிளினிக்கில் தொங்கிய பூட்டெல்லாம் அவர் கடைச் சரக்கு. அந்த உரிமையோடு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மருந்தே ஒத்துக்கலங்க. உள்ள போனா நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது."

பொய்யோடு நெஞ்சையும் சேர்த்தது தப்பு. டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்ததும்தான் அது அவருக்கு உறைத்தது.

"நெஞ்சா? இந்த வயசுல விளையாட்டு இல்ல முதலாளி. ரத்தம் பாக்காம ஒரு எழுத்து எழுத மாட்டேன். வெறும் வயித்துல ஒண்ணு, சாப்பிட்டு ஒண்ணு."

பரிசோதனைக்கூடப் பெண் ஊசியோடு வந்தபோது பூட்டுக்கடைக்காரர் சுவரில் ஒட்டியிருந்தார்.

"ரெண்டையும் ஒரே குத்துல மொத்தமா எடுத்துக்கம்மா."

"சாப்பிட்டப்புறம் எடுக்க வேண்டியத இப்ப எப்படிங்க எடுக்கறது?"

"முன்பணமா எடுத்துக்க. நான் அப்புறம் சாப்பிட்டுக்கறேன்."

பேரம் படியவில்லை. அதோடு, அவர் நடுங்கிய நடுக்கத்தில் ரத்தக்குப்பி கீழே விழுந்து உடைந்ததால், இரண்டு குத்து மூன்றானது.

ஆனாலும் கடிதம் கிடைத்துவிட்டது. புதன்கிழமை அதைக் கொடியைப் போல ஆட்டிக்கொண்டு போனார். டிராவல்ஸ்காரர் படித்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"குடியக் கெடுத்தீங்களேண்ணே! மருந்து ஒத்துக்காது, நெஞ்சுப் படபடப்புன்னு எழுதியிருக்கு. இதப் பாத்தா எந்த இன்சூரன்ஸ்காரன் எடுப்பான்? இன்சூரன்ஸ் இல்லேன்னா விசாவே இல்ல."

"கிழிச்சுப் போட்டுடலாமா?"

"டாக்டர் கம்ப்யூட்டர்லயும் ஏத்திட்டாரே! போங்க, இதய டாக்டர்கிட்ட நல்லா இருக்குன்னு எழுதி வாங்கிட்டு வாங்க."

வியாழக்கிழமை இதய டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். அதற்கு நரம்பில் சாயம் ஏற்ற வேண்டும். ஏற்றுவதற்கு முன் கடிதம் அவர் கண்ணில் பட்டுவிட்டது.

"மருந்து ஒத்துக்காதா? அப்ப எது ஒத்துக்கலைன்னு முதல்ல பாத்துடுவோம். ஒவ்வாமைப் பிரிவுக்குப் போங்க. கையில எட்டு இடத்துல லேசாக் குத்துவாங்க."

அங்கே தட்டில் எட்டு ஊசிகள் வரிசையாகப் படுத்திருந்தன. பூட்டுக்கடைக்காரர் தொண்டையைச் செருமினார்.

"எட்டு எதுக்குங்க? நாலுக்கு முடிச்சுக்குவோம்."

"பெரியவரே, கையை நீட்டுங்க."

"சரி, உங்களுக்கும் வேணாம், எனக்கும் வேணாம். ஆறு."

எட்டும் இறங்கியது. பிறகு சாயமும் இறங்கியது. மாலையில் சான்றிதழ் கைக்கு வந்தது. இதயம் குதிரை மாதிரி ஓடுகிறது, எந்த மருந்தும் தாராளமாக ஒத்துக்கொள்ளும் என்று அதில் எழுதி, மூன்று பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். இன்சூரன்ஸ் கிடைத்தது. விலக்கு செத்தது.

வெள்ளிக்கிழமை காலை அரசு ஆஸ்பத்திரி பெஞ்சில், கனத்த ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போனில் பேத்தியின் படத்தைத் திறந்து பார்த்தார். இத்தனூண்டு குழந்தை மூஞ்சியைச் சுளித்ததோடு விட்டிருக்கிறது. அதன் தாத்தா வண்டி நிறுத்த இடம் தேடி ஓடினார் என்று நாளைக்கு யாராவது அதனிடம் சொன்னால்? போனைச் சட்டைப்பையில் போட்டார். கூப்பிட்டதும் எழுந்து, தானாக நடந்து உள்ளே போனார்.

நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டினார். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

"போடும்மா. நான் ரெடி. ஒரே போடாப் போட்டுடு."

நர்ஸ் ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தாள். "இதெல்லாம் என்னங்கய்யா? ரத்தத்துக்கு மூணு, கையில எட்டு, சாயத்துக்கு ஒண்ணு. ஆக மொத்தம் பன்னெண்டு குத்து. எதுக்கு இவ்வளவும்?"

"இந்த ஒரு ஊசியிலேருந்து தப்பிக்கத்தாம்மா." வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த ரகசியத்துக்குச் சாவி கொடுத்துவிட்டார். "பரவாயில்ல. பேத்தியப் பாக்கணும். போட்டுடு."

நர்ஸ் ஃபைலை மூடி வைத்தாள். பிறகு சுருட்டிய கையை அவளே மெதுவாக இறக்கிவிட்டாள்.

"எங்க கணக்குல ஊசியே இல்லங்கய்யா. ரெண்டே ரெண்டு சொட்டு, அதுவும் இலவசம். வாயத் திறங்க."