கூலன்ட் அண்ணனும் என் கல்யாணக் காரும்

காரைக்குடியில் கார் வைத்திருப்பவர் யாரும் கூலன்ட் அண்ணனிடம் ஒருமுறையாவது திட்டு வாங்காமல் தப்பித்ததில்லை. என்னோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தவர். அவருடைய நிஜப் பெயர் எங்கள் மேனேஜருக்கே யோசித்தால்தான் வரும்.

வாசலில் எந்தக் கார் வந்து நின்றாலும் பானெட்டைத் திறக்கச் சொல்வார். ரேடியேட்டருக்குள் வெறும் தண்ணீர் இருந்தால் முகம் தொங்கிவிடும்.

"நம்ம ஊரு போர் தண்ணிய நீங்க குடிப்பீகளா? மாட்டீக. அது மட்டும் குடிக்கணுமாக்கும்? உப்புப் படிஞ்சு, துருப் புடிச்சு, ஒரு நா நடுரோட்டுல கொதிக்கும், பாத்துக்கங்க."

கட்டைப்பையில், எஞ்சின் சூட்டைத் தணிக்கும் பச்சை கூலன்ட் ஒரு கேன், டிஸ்டில்டு வாட்டர் ஒரு கேன் எப்போதும் இருக்கும். துக்க வீட்டுக்கும் அந்தப் பை வரும். கோட்டையூரில் ஒரு சாவு வீட்டில், அமரர் ஊர்தி டிரைவரைப் பிடித்து, "சூடு எப்பலேருந்து ஏறுது?" என்று விசாரித்தார். பக்கத்தில் அழுதுகொண்டிருந்த, இறந்தவரின் மகன், "புதன்கிழமையிலேருந்துண்ணே" என்றார்.

என் கல்யாணம் சித்திரை வெயிலில். நாச்சியாபுரத்தில் பெண் வீடு. தாய்மாமா காரை ஓட்ட, அண்ணன் முன்சீட்டில். பின்னால் மாலையும் கழுத்துமாக நான். பாதி வழியில் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. பானெட்டிலிருந்து புகை. சாலையோரம் நிறுத்தி இறங்கினோம்.

"மாமா, என்ன ஊத்திருக்கீக?" என்றார் அண்ணன்.

"தண்ணிதான்யா. வாங்குன நாள்லேருந்து அதான்."

முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. முன்னால் போன வேன்காரர்கள் மேளச் சத்தத்தில் போனை எடுக்கவில்லை. பதற்றத்தில் மாமா துண்டைச் சுற்றி ரேடியேட்டர் மூடியில் கை வைத்தார்.

"தொறக்காதீக! மொகம் வெந்துரும்!"

மாமா திருகிவிட்டார். அண்ணன் அவர் நெஞ்சில் கை வைத்துத் தள்ளவும் மூடி பறக்கவும் சரியாக இருந்தது. மாமா புளியமரத்தடியில் போய் விழுந்தார். கொதிநீர் அண்ணனின் வலது கையிலும் வெள்ளைச் சட்டையிலும் அடித்தது.

குடிக்க வைத்திருந்த தண்ணீரையெல்லாம் அவர் கையில் ஊற்றினேன். அவர் குனிந்து சட்டையைப் பார்த்தார். முழுக்கச் செங்காவி.

"பாத்தீகளா மாமா, பூராந் துரு."

மாமா குலுங்கி அழுதார். "என் மூஞ்சியில விழ வேண்டியதுய்யா."

எஞ்சின் ஆறும்வரை அண்ணன் யாரையும் கிட்டே விடவில்லை. அப்புறம் இடது கையாலேயே இரண்டு கேனையும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினார்.

"ஏ.சி.ய அமத்திட்டு ஹீட்டர முழுசா வைங்க. எஞ்சின் சூட்ட உள்ள இழுத்துக்கிரும்."

அந்தக் காரில் ஹீட்டர் இருப்பதே மாமாவுக்கு அன்றுதான் தெரிந்தது. பட்டு வேட்டியோடு நான் பின்சீட்டில் வெந்தேன்.

"முள்ளு எறங்குது மாப்ள!" என்று அண்ணன் சந்தோஷப்பட்டார்.

கெட்டிமேளத்துக்குச் சற்று முன்னால் போய் இறங்கினோம். மாமனார் என்னை ஏற இறங்கப் பார்த்து, "கம்மாயில குளிச்சிட்டு அப்படியே வந்துட்டீகளா?" என்றார். தாலி கட்டினேன்.

அண்ணன் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். போட்டோவுக்குக் கூப்பிட்டால் மேடையேற மறுத்துவிட்டார்.

"சட்டை பூரா கறை. ஒங்க படம் கெட்டுப்போகும் மாப்ள."

என் மனைவி மெல்ல என் பக்கம் திரும்பி, "வாங்க, நாம எறங்கிப் போவோம்" என்றாள். அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தைகள் அவைதான்.

பந்தல் ஓரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். எங்கள் வீட்டில் மாட்டியிருக்கும் கல்யாணப் படம் அதுதான்.