சிதம்பரம் பைபாஸில் ஒரு இத்தாலி

இத்தாலிக்குப் போக பாஸ்போர்ட் வேண்டும், விசா வேண்டும், விமானம் ஏற வேண்டும் என்றெல்லாம் பேசுகிறவர்கள் விவரம் தெரியாதவர்கள். கடலூரில் பஸ் ஏறி, சிதம்பரம் பைபாஸில் இறங்கி, டயர் கடையை ஒட்டிய சந்தில் திரும்பினால் இத்தாலி வந்துவிடும். போன தீபாவளி வரைக்கும் அது கல்யாண மண்டபமாகத்தான் இருந்தது. இப்போது வாசலில் ஒரு வளைவு, வளைவு முழுக்க பிளாஸ்டிக் திராட்சைக் கொத்து, அதற்கு மேலே மண்டபத்தையே மறைக்கிற பிளக்ஸ்: 'இத்தாலிய கிராம தரிசனம். ஒயினரி, மியூசியம், புராதன ஸ்தலங்கள். கண் முன்னே அற்புதம்!'

சனிக்கிழமை என்றால் கூட்டம் தாங்காது. குறிஞ்சிப்பாடியிலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். கழுத்தில் ஜெபமாலையோடு வந்தார்கள், நெற்றியில் விபூதியோடு வந்தார்கள். ஏமாறுகிற வரிசையில் மட்டும் நம் ஊரில் மத நல்லிணக்கத்துக்குக் குறைவே இல்லை. கடலூர்ப் பங்குச்சாமியார் பிரசங்கத்தில் ஒரு தரம், "அங்கே போகாதீங்க, அது திருச்சபை காரியம் இல்லை" என்று சொல்லிப் பார்த்தார். அடுத்த வாரம் கூட்டம் இரட்டிப்பானது. சாமியாருக்குப் பொறாமை என்று ஜனங்கள் தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

அற்புதம் என்னவென்றால் இதுதான். பிரதர் செந்தினோ என்று ஒருவர். அப்பா அம்மா வைத்த பெயர் செந்தமிழ்செல்வன். இத்தாலி மலைநாட்டில் மோந்தெவேர்தினோ என்ற கிராமத்து மடத்தில் தவம் இருந்தவராம். அந்த மடத்துத் தோட்டத்துத் திராட்சை ரசத்தை அவர் ஒரு கண்ணாடிக் கிளாஸில் ஊற்றித் தருவார். நல்லவர் கையில் ரசம் சிவப்பாக இருக்கும். பாவமோ சாபமோ பில்லி சூனியமோ உள்ளவர் கையில் கறுத்துவிடும். கறுத்தவர்கள் என்ன செய்ய வேண்டும்? செப்டம்பரில் திராட்சை அறுவடை நேரத்தில் பிரதரே நடத்துகிற யாத்திரையில் பணம் கட்டிச் சேர்ந்து, நிஜ இத்தாலிக்குப் போய், மடத்துக் கிணற்றில் கை கழுவ வேண்டும். வழியில் ஒயினரியும் மியூசியமும் கோட்டையும் சுற்றிக் காட்டுவார்கள். பாவத்துக்குப் பரிகாரமும் ஆச்சு, ஊர் பார்த்த மாதிரியும் ஆச்சு.

இந்த இத்தாலிக்குத்தான் டேனி தன் அம்மாவோடும், நிச்சயம் பண்ணிய பெண் ஜெனிட்டாவோடும், அவள் அப்பா மரியலூர்தோடும் வந்து இறங்கினான்.

டேனியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி. கடலூர் சிப்காட்டில் ஒரு கம்பெனி லேபில் வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை கண்ணாடிக் குடுவையில் சொட்டுச் சொட்டாக விட்டு நிறம் மாறுகிறதா என்று பார்ப்பதுதான் பிழைப்பு. ஆனால் ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது படித்ததை எல்லாம் லேபிலேயே பூட்டிவிட்டு வருகிற நல்ல பிள்ளை. வீட்டில் அவனுக்கு அம்மா ஆரோக்கியம்மாள் சொல்வதுதான் விஞ்ஞானம்.

ஆரோக்கியம்மாள் கெட்டவள் இல்லை. புருஷன் போன பிறகு தையல் மிஷினை மிதித்தே பிள்ளையைப் படிக்க வைத்தவள். வெற்றிலை போடுவதைத் தவிர வேறு ஆசை அறியாதவள். ஒரே மகனின் கல்யாணத்தில் எதுவும் கோளாறாகிவிடக் கூடாதே என்ற பயம் அவளைப் பிடித்து ஆட்டியது. தவக்காலம் வந்துவிட்டால் கோயிலில் கல்யாணம் கிடையாது. அதற்குள் கல்யாணம் என்றால், வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறாவது கோயிலில் முதல் ஓலை வாசித்தாக வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிறு சாமியார் கேட்பாரே, அந்த ஓலை.

"அவுரு கேக்குறதுக்கு முன்னாடி நாமளே கேட்டுக்குவோம்டா. ரசம் செவப்பா இருந்துச்சுன்னா மறுநாளே ஓலைக்குக் குடுத்துடலாம்" என்றாள் ஆரோக்கியம்மாள்.

வாசலில் கோட்டுப் போட்ட ஒரு பெண் சிரித்த முகத்தோடு வரவேற்றாள். எந்த ஊர், சொந்த வீடா, வெளிநாட்டில் யார் இருக்கிறார்கள், வீட்டில் என்ன விசேஷம் என்று அன்பாக விசாரித்தாள். மரியலூர்து வெள்ளந்தியான மனுஷர். "பையன் சிங்கப்பூர்ல இருக்கான்மா, பொண்ணுக்குத்தான் இப்ப கல்யாணம்" என்று எல்லாவற்றையும் கொட்டினார்.

பிறகு சுற்றுலா. ஒயினரியில் மரப்பீப்பாய்கள் அடுக்கியிருந்தன. கிட்டப் போனால் பெயிண்ட் வாசனை. பெயிண்டுக்குக் கீழே நீல நிறம் எட்டிப் பார்த்தது.

"நம்ம கம்பெனி ட்ரம் மாதிரியே இருக்குல்ல?" என்றான் டேனி.

"இத்தாலிலயும் கம்பெனி இருக்காதா? வாயை மூடிகினு வா" என்றாள் அம்மா.

மியூசியத்தில் கண்ணாடிக்குள் ஒரு துருப்பிடித்த பூட்டு, ஒரு உடைந்த நாற்காலி. நாற்காலியில் ஒரு மகான் நாற்பது வருஷம் உட்கார்ந்தே தியானித்தாராம். உடைந்ததன் காரணம் அப்போதுதான் விளங்கியது. புராதன ஸ்தலத்தில் தெர்மாகோல் தூண்கள் வரிசையாக நின்றன. சாயக்கூடாது, தொடக்கூடாது என்று ஒருவர் விசில் ஊதிக்கொண்டே இருந்தார்.

கடைசியில் மேடை. மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காருகிற இடத்தில் பிரதர் செந்தினோ வெள்ளை அங்கியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்துத் தட்டில் கிளாஸ்கள். சிலதில் அடிப்பாகம் மட்டும் பனி படிந்ததுபோல வெளுத்திருக்கும், இத்தாலிக் கைவேலையாம். உள்ளேயிருந்து ஒரு ஆள் ஒவ்வொருவர் பெயரும் சொல்லி ஒவ்வொரு கிளாஸாகக் கொண்டு வந்து வைத்தான்.

ஜெனிட்டாவுக்கு முன்னால் ஒரு கீரைக்கார அம்மா. சிவப்பு. டேனிக்குச் சிவப்பு. ஜெனிட்டா கையில் கொடுத்த கிளாஸில் ரசம் விழுந்ததும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஊதாவாகி, பச்சையோடி, கறுத்தே போய்விட்டது.

பிரதர் கண்ணை மூடினார். "மாலே... மாலே..." என்று முனகினார். இத்தாலி பாஷையில் தீமை என்று அர்த்தமாம். "அம்மா, இந்தப் பொண்ணு இப்படியே உங்க வீட்டுக்கு வந்தா, பையன் உயிருக்கு நான் பொறுப்பில்ல. செப்டம்பர்ல மோந்தெவேர்தினோ வரணும். அதுக்கப்புறம்தான் கல்யாணம். அடுத்த சனிக்கிழமை வந்து பேரைக் குடுத்துடுங்க."

ஆரோக்கியம்மாள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். மரியலூர்து தலை குனிந்தார். டேனி? டேனி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

வாசலில் ஆரோக்கியம்மாள் தீர்மானமாகச் சொன்னாள்: "சம்பந்தி, மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க. எனக்கு இருக்குறது ஒரே புள்ள. கெணத்துல கை கழுவிட்டு வரட்டும். இல்லன்னா நாங்க வேற எடம் பாக்குறோம்."

பஸ் ஸ்டாண்டில் ஜெனிட்டா டேனியைத் தனியாக இழுத்தாள். கண் சிவந்திருந்தது, குரல் நடுங்கவில்லை.

"கீரைக்கார அம்மாவுக்குச் செவப்பு. தம்பி சிங்கப்பூர்ல இருக்கான்னு அப்பா வாசல்லயே சொன்னாரு, எனக்குக் கறுப்பு. இல்லாதவங்களுக்குப் பாவமே கெடையாது போல, பாத்தீங்களா?"

"இல்ல ஜெனி, அம்மாதான்..."

"அம்மாவை விடுங்க. கம்பெனில நிறம் மாறுனா என்னா பண்ணுவீங்க? மண்டி போட்டு ஜெபம் பண்ணுவீங்களா?"

திங்கட்கிழமை டேனி லேபில் குடுவையில் சொட்டு விட்டான். நிறம் மாறியது. வழக்கம்போல எழுதிவைக்கப் போனவன், கை அப்படியே நிற்க, குடுவையையே முறைத்துப் பார்த்தான். எத்தனையோ வருஷமாக அவன் கண் முன்னால் நடக்கிற அற்புதம்! சாயங்காலம் திருப்பாதிரிப்புலியூரில் பன்னீர் திராட்சை ஜூஸ் வாங்கினான். வீட்டில் ஒரு டம்ளரின் அடியில் சோடா மாவைக் கரைத்துத் தடவிக் காயவைத்து, ஜூஸை ஊற்றினான். ரசம் கறுத்தது. எலுமிச்சையைப் பிழிந்தான். சிவந்தது. "அடப்பாவி" என்றான். சொன்னது பிரதரை மட்டும் அல்ல.

சனிக்கிழமை மறுபடியும் இத்தாலி. பெயர் கொடுக்க வந்த நால்வரையும் பிரதர் மேடைக்கு அழைத்தார். கூட்டத்துக்கு இன்னொரு தரம் காட்டிவிட்டால் வியாபாரத்துக்கு நல்லதல்லவா? உள்ளேயிருந்து ஜெனிட்டா பெயர் சொல்லி கிளாஸ் வந்தது. பிரதர் கூஜாவைச் சாய்க்கப் போனார்.

"ஒரு நிமிஷம் பிரதர்." டேனியின் குரல் அவனுக்கே புதிதாக இருந்தது. "பாவம் ஆளுகிட்ட இருக்கா, கிளாஸ்ல இருக்கா?"

"ஆளுகிட்டதான் தம்பி. என்னா கேள்வி இது?"

"அப்போ கிளாஸைக் கழுவினா தப்பில்லயே." தண்ணீர் பாட்டிலைத் திறந்து கிளாஸை நன்றாகக் கழுவினான், கைக்குட்டையால் துடைத்தான். இத்தாலிக் கைவேலைப் பனி முழுசும் கைக்குட்டைக்கு வந்துவிட்டது. "இப்ப ஊத்துங்க."

பிரதர் ஊற்றவில்லை. டேனி கூஜாவை வாங்கி அவனே ஊற்றினான். சிவப்பு. ஜெனிட்டா கையில் கொடுத்தான். சிவப்பு. அவள் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "சக்கரை ஜாஸ்தி" என்றாள்.

கூட்டத்திலிருந்து சபாபதி என்கிற ரிட்டயர்டு ஆசிரியர் எழுந்தார். "தம்பி, கழுவும்போது பாவமும் தண்ணியோட போயிருக்கும்!" என்றார். நாலு பேர் ஆமாம் போட்டார்கள். முட்டாள்தனத்துக்கு முட்டுக்கொடுக்க என்றைக்குமே படித்த ஆள்தான் முதலில் எழுந்திருப்பார்.

"சரி சார். பாவமே இல்லாத ஆளு யாரு? பிரதர்தானே?" டேனி அம்மாவிடம் திரும்பினான். "அம்மா, வெத்தலப் பையைக் குடு."

"என்னாத்துக்குடா?"

"குடும்மா."

பையிலிருந்து சுண்ணாம்பை விரலில் தாராளமாக வழித்தான். பிரதரின் சொந்த வெள்ளிக் கோப்பையின் உள்ளே தடவினான். ரசத்தைக் கொஞ்சமாக ஊற்றிக் கலக்கி, பிரதர் கையில் திணித்தான். புண்ணிய புருஷர் கையில் ரசம் கரேலென்று கறுத்தது.

"ஐயோ, பிரதருக்கு என்னா பாவமோ!" என்று ஒரு குரல். மண்டபம் கொல்லென்று சிரித்தது. டேனி நறுக்கிக் கொண்டுவந்திருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்துப் பிழிந்தான். சிவப்பு திரும்பி வந்தது. "கெணறும் வேணாம், இத்தாலியும் வேணாம். ஒரு எலுமிச்சம்பழம் போதும், பாவம் போயிடுச்சு!"

பிரதர் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மியூசியம் வழியாக ஓடினார். புராதன ஸ்தலத்தில் கால் தடுக்கி, ஒரு தூணைக் கட்டிப்பிடித்தார். தூண் அடுத்த தூண் மேல், அது அடுத்ததன் மேல். தெர்மாகோல் பறந்து, சிதம்பரத்தில் முதன்முறையாகப் பனி பெய்தது. விசில் ஊதுகிறவர் பழக்கதோஷத்தில் ஊதிக்கொண்டே நின்றார். வேன்காரர்கள் பிரதரை வாசலில் மடக்கி உட்கார வைத்து, போலீசுக்குப் போன் போட்டார்கள். அவர் மோந்தெவேர்தினோவைப் பார்த்ததே இல்லை, புதுச்சேரியைத் தாண்டியதே இல்லை என்பதை அவர் வாயாலேயே கக்கினார்.

ஆரோக்கியம்மாள் மேடையிலேயே நின்றாள். வெள்ளிக் கோப்பைக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தாள். முகம் சிறுத்துப்போனது. "நான் தெனமும் வாயில போடுற சுண்ணாம்புடி இது. இதை நம்பியா உன்னை வேணாம்னேன்?" என்று ஜெனிட்டாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவமானமும் அழுகையும் ஒன்றாக வந்தன. பிறகு மகன் பக்கம் திரும்பினாள்: "வாய் இருக்குன்னு இப்பத்தான் தெரிஞ்சுதா ஒனக்கு? போன வாரமே தொறக்குறதுக்கென்ன? ராத்திரியே சாமியாரைப் பாரு. நாளைக்கு மொத ஓலை வாசிக்கணும்."

"சரிம்மா" என்றான் டேனி. அம்மாவுக்குப் பயந்து அவன் சொன்ன கடைசி 'சரிம்மா' அதுவாக இருக்கட்டும் என்று நாமும் வேண்டிக்கொள்வோம்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். மேடையை விட்டு இறங்கினால், கீழே புதிதாக ஒரு வரிசை நிற்கிறது. வரிசையின் முதலில் ராமாமிர்தம் என்கிற அம்மா, கையில் எலுமிச்சம்பழத்தோடு, டேனியின் காலைத் தொடக் குனிந்துகொண்டிருக்கிறாள்.

"சாமி, என் மருமவளுக்கும் ஒரு பழம் புழிஞ்சு பாத்துச் சொல்லுங்க. நீங்க எந்தக் கெழமைல இருப்பீங்க?"

டேனி பதறி ஜெனிட்டாவுக்குப் பின்னால் ஒளிந்தான். ஜெனிட்டாதான் அந்த அம்மாவைத் தூக்கி நிறுத்தினாள்.

"பெரியம்மா, பழத்தை ஊட்டுக்கு எடுத்துகினு போயி மருமவளுக்கு ஜூஸ் போட்டுக் குடுங்க. தலையைக் கண்டவன் கால்ல வைக்கிறதுக்கா குடுத்திருக்கு? அதை வச்சு ஒரு தடவை யோசிச்சுதான் பாருங்களேன், ஒண்ணும் கறுத்துப் போவாது!"