திருத்தம் உண்டா?

சித்திரகுப்தனுக்கு என்றைக்காவது லீவு தேவைப்பட்டால், மினிட் அக்காவை அந்த நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுக் கவலையில்லாமல் போய்வரலாம். உலகத்தார் செய்த பாவ புண்ணியமெல்லாம் ஒன்று விடாமல் ஏட்டில் ஏறியிருக்கும். சித்திரகுப்தன் எத்தனை மணிக்குப் போனார், எத்தனை நிமிடம் தாமதமாகத் திரும்பினார் என்பதும் கூடவே இருக்கும்.

மலாய் நாட்டு ஜார்ஜ் டவுனில் நான் வேலை பார்த்த மாநில அரசு இலாகாவில் அவர் கிராணி, அதாவது குமாஸ்தா. எந்த இலாகா என்று சொல்லமாட்டேன், பென்ஷன் வாங்குகிறேன். கூட்டங்களில் மினிட் எழுதுவது, அதாவது பேசியதைக் குறித்துவைப்பது, அக்காவின் வேலை. மற்ற கிராணிகள் "பேசினார்கள், முடிவெடுத்தார்கள்" என்று அரைப் பக்கத்தில் முடிப்பார்கள். அக்கா அப்படியில்லை. கண்ணால் கண்டது, காதால் கேட்டது எல்லாம் தாளில் வந்துவிடும். "10.40 முதல் 10.55 வரை இஞ்சினியரின் கண்கள் மூடியிருந்தன. வாய் திறந்திருந்தது" என்று ஒருமுறை எழுதிவிட்டார். மினிட் மலாயில் இருக்கும், நான் தமிழில் தருகிறேன்.

எங்கள் இஞ்சினியர் நிபோங் திபால்காரர். நல்ல மனுஷர், உட்கார்ந்த இடத்தில் தூங்கும் வரம் பெற்றவர். தாளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"என்னக்கா இது? இதெல்லாமா எழுதுவாங்க? எடுத்துருங்க லா!"

"தூங்குனீங்கன்னு நான் எழுதலையே தம்பி. தூங்குனீங்களா, யோசிச்சீங்களா, அது எனக்குத் தெரியாது. கண்ணு மூடியிருந்துச்சு. அது தெரியும்."

அடுத்த கூட்டத்தின் மினிட்டில், "எடுத்துவிடும்படி இஞ்சினியர் கேட்டுக்கொண்டார்" என்று ஒரு வரி கூடியிருந்தது.

ஆபீசோடு விட்டாரா அக்கா? பிறை என்ற ஊரில் அவர் வீட்டுக்கு மகளைப் பெண் பார்க்க வந்தபோதும் ஒரு மூலையில் உட்கார்ந்து மினிட் எழுதியிருக்கிறார். மாப்பிள்ளை வீட்டார் ஏதோ பலகாரக் குறிப்பு என்று நினைத்தார்களாம். கல்யாணம் முடிந்து மூன்றாம் மாதம் சம்பந்தியம்மா, "மருமக வேலைக்கெல்லாம் போக வேணாம், வீட்டைப் பாத்துக்கிட்டா போதும்" என்று ஆரம்பித்தார். அக்கா நோட்டோடு போய் இறங்கினார்.

"ரெண்டாம் பக்கம், நாலாம் பத்தி. 'எங்க வீட்டுக்கு வந்தப்புறம் பொண்ணு தாராளமா வேலைக்குப் போகலாம்.' சொன்னது நீங்க. சொல்லும்போது ரெண்டாவது கேசரி சாப்பிட்டுக்கிட்டு இருந்தீங்க."

மகள் இன்றும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். சம்பந்தியம்மா கேசரி சாப்பிடுவதை விட்டுவிட்டதாகக் கேள்வி.

இனி என் கதை. எங்கள் தலைவர் ஓய்வு பெறும் காலம் வந்தது. நான் எட்டு வருஷமாகத் துணைத் தலைவர், பெரிய பதவியில் இருந்த ஒரே பெண். தலைவர் ஊரில் இல்லாதபோது அந்த நாற்காலியில் உட்காருவேன், அவர் திரும்பி வந்ததும் எழுந்துகொள்வேன். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? எனக்கு அந்த நாற்காலிமேல் ஆசை இருந்தது. மேலிடத்திலிருந்தும் ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது: பெரிய பதவிகளுக்குப் பெண்களின் பெயரை அனுப்புங்கள். அனுப்பாவிட்டால் ஏன் என்று காரணம் காட்டி, பேசிய கூட்டத்தின் மினிட்டையும் இணைத்து அனுப்புங்கள்.

தலைவர், நிர்வாக அதிகாரி, இஞ்சினியர் மூவரும் கூடி அரைமணி நேரம் பேசினார்கள். "தகுதியான பெண் யாரும் இல்லை" என்று ஒரே வரி எழுதிக்கொள்ளும்படி அக்காவிடம் சொன்னார்கள். அக்கா நான்கு பக்கம் எழுதினார்.

மினிட் மேலே போகுமுன் பேசியவர்களே அதை உறுதிசெய்ய வேண்டும். சொல்லாததை எழுதியிருந்தால் திருத்தலாம், சொன்னதை அழிக்க முடியாது. அதற்காக மூவரும் மறுபடி கூடிய கூட்டத்துக்கு எனக்கு அழைப்பில்லை. ஆனால் கூட்ட அறைக்கும் என் அறைக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். அக்கா அன்றைக்கு வழக்கத்தைவிடச் சத்தமாகவே வாசித்தார்.

"தலைவர்: துணைத் தலைவர் கெட்டிக்காரிதான். ஆனால் விருந்துக்கெல்லாம் பெண்பிள்ளை எப்படிப் போவாள்? நிர்வாக அதிகாரி: கெப்பாலா பத்தாஸ் வரை தனியாகக் கார் ஓட்டிப் போக வேண்டுமே. இஞ்சினியர்: வாராவாரம் அவர்தானே போய்வருகிறார்? நிர்வாக அதிகாரி: அப்படியா? அடுத்த இரண்டு நிமிடத்தில் பலகாரத் தட்டிலிருந்த மூன்று கறிபாப் தீர்ந்தன. தலைவர்: தகுதியான பெண் யாரும் இல்லை என்று எழுது."

வாசித்து முடித்து, "திருத்தம் உண்டா?" என்று கேட்டார்.

"கெப்பாலா பத்தாஸ் பற்றி நான் பேசவே இல்லை" என்றார் நிர்வாக அதிகாரி.

"சரி, வேற யார் பேசுனதுன்னு சொல்லுங்க. பேரை மாத்திடுறேன்."

"என் பெயரைப் போடாதே!" என்று தலைவர் அலறினார்.

"என் பேரும் வேணாம்" என்றார் இஞ்சினியர். "அவருதான் பேசுனாரு. அன்னிக்கி நான் முழிச்சிருந்தேன். அதையும் எழுதிக்குங்கக்கா, மறக்காம!"

அந்த நான்கு பக்கமும் மேலே போகாமலிருக்க ஒரே வழிதான் இருந்தது. அனுப்பவேண்டிய காரணமே இல்லாமல் செய்துவிட வேண்டும். அன்று மாலையே இன்னொரு கூட்டம் போட்டு என் பெயரை எழுதினார்கள். இரண்டு மாதத்தில், நேர்முகத் தேர்வெல்லாம் முடிந்து எனக்குக் கடிதம் வந்தது. நன்றி சொல்ல ஓடினேன்.

"உங்களுக்காக நான் ஒண்ணும் செய்யலம்மா" என்றார் அக்கா, நிமிர்ந்துகூடப் பார்க்காமல். "நடந்ததை எழுதுனேன். நடக்காததை எழுதுற பழக்கம் எனக்கில்ல."

நான் தலைமை தாங்கிய முதல் கூட்டம். அந்த நாற்காலி பழைய தலைவரின் உயரத்துக்கு ஏற்றிவைத்தபடியே இருந்தது, என் கால் தரைக்கு எட்டவில்லை. அக்கா என் முன்னால் தாளை வைத்தார். அத்தனை வருஷமாக ஆண்களுக்குரிய "துவான் தலைவர்" என்று அச்சாகி வந்த இடத்தில் பெண்ணுக்குரிய "புவான் தலைவர்" என்றிருந்தது. புதிதாகத் தட்டச்சு செய்து, அடிக்கோடு வேறு போட்டிருந்தார். எனக்கு என்ன ஆயிற்றோ, பொலபொலவென்று கண்ணீர் கொட்டிவிட்டது. இஞ்சினியர் விட்டத்தைப் பார்த்தார். நிர்வாக அதிகாரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவின் பேனா மட்டும் நிற்காமல் ஓடியது.

போச்சு என்று நினைத்தேன். முதல் பெண் தலைவர் வந்ததும் வராததுமாக அழுதார் என்று கோப்பில் ஏறிவிடும். இனி எந்தப் பெண்ணின் பெயர் வந்தாலும் அந்தத் தாளை எடுத்துக் காட்டுவார்கள். எனக்குப் பின்னால் வருகிறவளின் நாற்காலியையும் நானே உதைத்துத் தள்ளிவிட்டேனே என்று அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் மினிட் வந்தது. பயந்துகொண்டே பிரித்தேன்.

"காலை 9.05: கடுமையான சளியையும் பொருட்படுத்தாமல் தலைவர் கூட்டத்தைத் தொடங்கினார்."

அடுத்த கூட்டத்தில் அக்கா அதை வாசித்துவிட்டு, மூக்குக்கண்ணாடிக்கு மேலாக எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார்.

"திருத்தம் உண்டா?"

நிர்வாக அதிகாரி வாயைத் திறந்தார். அக்கா பேனாவின் மூடியைத் திறந்தார். அதிகாரி வாயை மூடிக்கொண்டார்.

"திருத்தம் இல்லை" என்றேன் நான்.

எனக்கு அன்றைக்குச் சளியே இல்லை.